அட்டையின் உள்பக்கம்

ஜனவரி 4, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தோம். ட்ரங்குப் பெட்டியின் அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. கல்லூரியில் மூன்று வருடமும் நான் படித்த இயற்பியல் வேதியியல் பாடப்புத்தகம். முதுகு கிழிந்து, யாரோ கோந்து போட்டு ஒட்டிய காடாத் துணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முன் அட்டையின் உள்பக்கத்தில் ஆறு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊரும் வருடமும். முதல் பெயர் 1973, நாகர்கோவில், மங்கிப்போன நீல மை. அவர் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கியிருக்கிறார். மூலையில் பென்சிலால் ஒன்பது ரூபாய் என்று விலை போட்டிருக்கிறது. அப்புறம் 1976 வேலூர், 1979 செங்கோட்டை, 1982 திண்டுக்கல், 1985 தூத்துக்குடி. கடைசியாகப் பச்சை மையில் நான்: 1988, வந்தவாசி. மூன்று வருடம் படித்து முடித்ததும், கையில் காசில்லாமல் வந்து சேரும் ஒரு முதலாண்டுப் பையனைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் வழக்கம். தூத்துக்குடி அண்ணன் என்னிடம் கொடுக்கும்போது, “நீயும் கொடுக்கணும், மறந்துராதலே” என்றார்.

1991-ல் நான் கொடுக்கவில்லை. பி.எட். சேர்ந்தேன், பாடம் நடத்த உதவும் என்று கையோடு எடுத்து வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் அது என் வீட்டில் இருந்திருக்கிறது. ஏழாவது பெயருக்கான இடம் காலியாகவே இருக்கிறது. இன்றைக்குப் பூராவும் அந்தக் காலி இடம் கண்ணிலேயே நிற்கிறது.

ஜனவரி 6

24-ஆம் தேதி எங்கள் வகுப்பு தாம்பரத்தில் கூடுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பி.எஸ்ஸி. வேதியியல், 1988–91. குழுவில் 38 பேர் இருக்கிறோம். கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான், என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

ஒரு பக்கம், வகுப்பின் பெயரைப் பொறித்த கருங்கல் மேடை கட்டலாம் என்கிறார்கள். மரத்தடியில் மாணவர்கள் உட்காரலாம், பத்து வருடம் கழித்துப் போனாலும் நாம் தொட்டுப் பார்க்க ஒன்று இருக்கும் என்கிறார்கள். அது தப்பான ஆசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து நீளமாக ஒரு செய்தி எழுதிப் போட்டேன். விடுதியில் இருக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளின் மெஸ் பணத்துக்கு உதவுவோம். ஆளுக்கு மாதம் 500 ரூபாய், எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரு வருடத்துக்கு. கொடுத்தவர் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

மாதக் கடைசியில் மெஸ் பணம் கட்ட முடியாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஊரில் அப்பா மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையை மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய், விலை படிந்து, மணியார்டர் அனுப்பினால்தான் எனக்குப் பணம். ஒரு பருவம் மழை பொய்த்து எதுவும் வரவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்காகக் கட்டியவர் தூத்துக்குடி அண்ணன்தான். அவரும் பணக்காரர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தார், அவ்வளவுதான்.

ஜனவரி 9

குழுவில் இன்று பெருமை பேசும் நாள். காலையில் ஒருவன் டாக்டர் ராதாகிருஷ்ணன் படத்தைப் போட்டு ஆரம்பித்தான். டி.என். சேஷன் இங்கே படித்து இங்கேயே பாடம் நடத்தியவர், இந்திரா நூயி நம் பட்டதாரி என்று வரிசையாக வந்தது. எங்கள் துறை விடுமா? ஜெமினி கணேசன் சினிமாவுக்குப் போகுமுன் நம் வேதியியல் துறையில் ஆசிரியராக இருந்தவர் என்று நானும் எழுதினேன். இந்தப் பேச்சு எத்தனை தடவை வந்தாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் ராதாகிருஷ்ணன் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. வேலூர் ஊரிஸ் கல்லூரியிலிருந்து இங்கே வந்தபோது அவர் வசதியில்லாத மாணவர். இதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப்புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்பதால் தத்துவத்தையே பாடமாக எடுத்துக்கொண்டார். இங்கேயே பி.ஏ. முடித்தார். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், நாட்டின் குடியரசுத் தலைவர். அந்த உறவுக்காரரின் பெயரை யாரும் மேடையில் சொல்வதில்லை. முன்னாள் மாணவர் ஒருவர் தந்த பழைய புத்தகம்! இதை எழுதிப் போட்டேன். கருங்கல் மேடை கேட்டவர்களில் இரண்டு பேர் உடனே என் பக்கம் வந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் எழுத நினைத்து, நீளமாகிவிடும் என்று விட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன். பரிதிமாற்கலைஞர் இங்கே படித்து, இங்கேயே தமிழ் கற்பித்தவர். ஆங்கிலக் கவிஞர் டெனிசன் கவிதையில் வரும் படகை வகுப்பில் முதல்வர் வில்லியம் மில்லர் வியந்து சொன்னபோது, கம்பர் குகனின் படகை அன்னத்துக்கு ஒப்பிட்டுப் பாடியதை எழுந்து எடுத்துச் சொன்னவர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரிக்கு அந்தத் தமிழ் மாணவர்மேல் அப்படி ஒரு பிரியம். 33 வயதில், 1903-ல் அவர் காலமானார். மில்லர் கலங்கிப்போனார் என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லும்போது அவர் குரலும் கம்மும்.

ஜனவரி 11, ஞாயிறு

அமெரிக்காவிலிருந்து நண்பன் அழைத்தான். அவன் மகள் அங்கே ஒரு கிறித்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். வருடத்தில் ஒரு நாள், இருபத்துநான்கு மணி நேரம், பழைய மாணவர்கள் எல்லோரும் கல்லூரி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கொடுப்பார்களாம். தொகையைவிட எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதைத்தான் மணிக்கு மணி சொல்வார்களாம். அங்கே தரவரிசை போடும் பிரபல பத்திரிகை ஒன்று, பட்டதாரிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பதையும் பல வருடம் கணக்கில் சேர்த்தது. 2023-ல்தான் அதை எடுத்தார்கள்.

“அஞ்சு டாலர் கொடுத்தாலும் ஒரு ஆள்தான், அஞ்சாயிரம் கொடுத்தாலும் ஒரு ஆள்தான்டா” என்றான். எனக்கு அது மனசுக்கு நிறைவாக இருந்தது. நான் 500 ரூபாய் என்று பொதுவாகச் சொன்னதும் இதற்குத்தானே. ஒருவன் ஐந்து லட்சம் கொடுத்துவிட்டால் மற்ற முப்பத்தேழு பேரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஜனவரி 13

பணம் எப்படிப் போக வேண்டும் என்று விசாரித்தேன். என் கணக்கில் வாங்கி நான் கட்டுவது சரிவராது. கல்லூரிக் கணக்குக்கே அவரவர் நேராக அனுப்ப வேண்டும், எதற்கு என்று எழுதிக் கேட்டு ரசீது வாங்க வேண்டும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவு பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் கழிவு, புதிய முறைக்குப் போனவர்களுக்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்குமேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. பான் எண் கொடுக்க வேண்டும். வருட முடிவில் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் வரும்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயம் தனி. துபாயில் இருப்பவனிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக்காரன் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். தாம்பரத்தில் பிறந்தவனாகவே இருந்தாலும் அவன் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். 2020-ல் திருத்தம் வந்த பிறகு அப்படிப்பட்ட பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி பிரதான கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். கூகுள் பே-யில் தட்டிவிடாதே என்று அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். நல்லது செய்யப் போய்க் கல்லூரிக்குச் சிக்கல் வரக் கூடாது.

ஜனவரி 15, பொங்கல்

பால் பொங்கி இறக்கிவைத்த நேரத்தில் திண்டிவனத்திலிருந்து போன். எங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது பேருந்து நிலையம் பக்கம் சின்ன ஸ்டேஷனரிக் கடை. போன வருடம் அவன் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது, கடன் இருக்கிறது. அதனால் அவனிடம் நான் கேட்கவே இல்லை.

“ஏன்டா என்னை விட்டுட்ட?” என்றான். கோபம்தான்.

சமாளிக்கப் பார்த்தேன். விடவில்லை. “கடை இருக்குடா. எனக்கும் அந்த மெஸ் சோறுதான் உடம்புல ஓடுது. என் பேரை எழுதிக்கோ” என்றான். எழுதிக்கொண்டேன்.

கல்லூரியில் விவிலிய வகுப்பு உண்டு. நான் நெற்றியில் விபூதியோடுதான் போய் உட்காருவேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையை அங்கேதான் கேட்டேன். மற்றவர்கள் தங்கள் நிறைவிலிருந்து போட்டார்கள், அவள் தன் குறைவிலிருந்து போட்டாள் என்று பேராசிரியர் சொன்னது அன்றைக்கு ஒரு தேர்வுக் குறிப்பு, அவ்வளவுதான். இன்றைக்குப் பொங்கல் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு அழுதுவிட்டேன். மனைவி புகை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனவரி 19

31 பேர் ஆகிவிட்டது. மாதம் 15,500 ரூபாய், வருடத்துக்கு 1,86,000. அமெரிக்கக்காரன் பங்கு தனி.

ஜனவரி 24, சனி

ராத்திரி வீடு திரும்ப மணி பதினொன்று. தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டே படுக்கிறேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்தால் ஒரே இரைச்சல். வாசலைத் தாண்டி நூறு அடி போனதும் காற்று மாறுகிறது. 365 ஏக்கர். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நெருக்கடியில் இருந்த கல்லூரி 1937-ல் இந்தப் புதர்க்காட்டுக்கு வந்தது. மரங்களை நட்டு வளர்த்ததில் பெரிய பங்கு எட்வர்ட் பார்ன்ஸுக்கும் அவர் மனைவி ஆலிஸுக்கும். பார்ன்ஸ் எங்கள் வேதியியல் துறைப் பேராசிரியர் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவர் தமக்கு நிழல் கிடைக்கும் என்றா நட்டிருப்பார்? பாதையோரம் இரண்டு புள்ளிமான்கள் நின்றன. அறுபதை நெருங்குகிற ஆட்கள் நாங்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

விடுதிகளை இங்கே ஹால் என்போம். சேலையூர் ஹால்காரர்கள் அவர்கள் ஹாலுக்கு, தாமஸ் ஹால்காரர்கள் அவர்கள் ஹாலுக்கு, நாங்கள் பிஷப் ஹீபர் ஹாலுக்குப் பிரிந்து போனோம். என் ஹால்தான் உசத்தி என்ற சண்டை நடுவழியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஹால் நாள் பாட்டை ஒருவன் எடுத்துக் கொடுத்ததும் மீதிப் பேர் பிடித்துக்கொண்டோம். ஒரு வரி கூட மறக்கவில்லை. என் பழைய அறையில் இப்போது இருக்கும் பையன் கதவைத் திறந்து, “வாங்க சார், உட்காருங்க” என்று கட்டிலில் கிடந்த துணியை ஒதுக்கினான். ஜன்னல் கம்பியில் நான் கொடி கட்டிய அதே இடத்தில் அவனும் கட்டியிருக்கிறான்.

மத்தியானம் துறைக்குப் போனோம். புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். பாடத்திட்டம் மாறிவிட்டது, யாருக்கு இது என்று எனக்கே கூச்சம். ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். சட்டென்று புரட்டிப் பார்த்துவிட்டு, “வெப்ப இயக்கவியல் எங்கே சார் மாறப் போகுது?” என்று சொல்லி ஒரு மாணவியைக் கூப்பிட்டார். முதலாண்டு. அப்பா செங்கல் சூளையில் வேலை. வீட்டில் அவள்தான் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள்.

அவளுக்கு ஆறு பெயர்களையும் காட்டினேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். ஓரக் குறிப்புகளையும் பார்த்தாள். 1979 செங்கோட்டைக்காரர் ஒரு கணக்கின் பக்கத்தில் “விடை தப்பு, மறுபடி போட்டுப் பார்” என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஏன் இத்தனை வருடம் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். “பரவாயில்லைங்க ஐயா, பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க” என்றாள்.

பேனாவைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்து, “ஊரையும் எழுதணுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா, ஊரை எழுதணும்.”

2025, உத்திரமேரூர் என்று எழுதினாள். மை காயும்வரை ஊதிக்கொண்டே நின்றாள்.

ஜனவரி 26

தூத்துக்குடி அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று பழைய எண்ணுக்கு அடித்தேன். அவர் மகன் எடுத்தார். அண்ணன் இறந்து நான்கு வருடம் ஆகிறதாம். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். “அப்பா அடிக்கடி சொல்வாங்க, வந்தவாசித் தம்பிகிட்ட ஒரு புத்தகம் இருக்குன்னு” என்றார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவரே எழுதினார்: மாதம் 500 ரூபாய், அப்பா பெயரில், அனுமதிப்பீர்களா? அவர் எங்கள் கல்லூரியில் படித்தவர் இல்லை.

32.

பிப்ரவரி 6

முதல் மாதக் கணக்கு. 32 பேரில் 30 பேர் கட்டிவிட்டார்கள், 15,000 ரூபாய். திண்டிவனத்துக்காரன் முதல் தேதி காலை ஆறரைக்கே அனுப்பிவிட்டு ரசீதைக் குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறான். விட்டுப்போன இரண்டு பேரில் ஒருவனுக்கு வங்கியில் மாதாந்திர உத்தரவு பதிவாகவில்லை, திங்கட்கிழமை நேரில் போய்ச் சரிசெய்கிறேன் என்றான். இன்னொருவன் போனை எடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் மறுபடி அடிக்க வேண்டும்.