எண்ணூறு மீட்டர்: 2025 கோடைக் குறிப்புகள்

மே 24, சனி

எண்ணூறு மீட்டரில் மகன் ஐந்தாவதாக வந்தான். 1:53.94. மாநிலப் போட்டி இனி இல்லை. முதல் நானூறு மீட்டர் 54.8, அறுநூறாவது மீட்டரில் மூன்றாவது ஆள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

மே 26, திங்கள்

மகன் சேரவிருக்கும் கல்லூரியின் பயிற்சியாளரிடமிருந்து பதில் இல்லை. இன்று நினைவு தின விடுமுறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 28, புதன்

கல்லூரிகளின் தேசியத் தடகளப் போட்டியில் முதல் சுற்று இன்று தொடங்கியது. கிழக்குப் பகுதி ஜாக்சன்வில்லில், மேற்குப் பகுதி காலேஜ் ஸ்டேஷனில். பகுதிக்கு 48 பேர். வெள்ளிக்கிழமைக்குள் 48 என்பது 24 ஆகும், 24 என்பது 12 ஆகும். இரண்டு பகுதிகளின் பன்னிரண்டும் சேர்ந்து கடைசிக் கட்டத்துக்கு ஓரிகனில் உள்ள யூஜீனுக்குப் போகும். அங்கே ஹேவர்ட் மைதானத்தில் ஒன்பது தடங்கள், ஆனால் எட்டு பேருக்குத்தான் புள்ளி. 10, 8, 6, 5, 4, 3, 2, 1. ஒன்பதாவது ஆள் யூஜீன் வரை வந்து இறுதிப் போட்டியில் நின்று ஓடி, தன் கல்லூரிக்கு ஒன்றும் கொடுக்காமல் வீட்டுக்குப் போவான். அணிப் பட்டியலில் அவன் எங்கே வைக்கப்படுவான்?

அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு திரையில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றைப் பல ஹீட்டுகளாக, தனித்தனி ஓட்டங்களாகப் பிரித்து நடத்துவார்கள். முதல் ஹீட்டைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். எனக்குப் பிடித்தது கடைசி ஹீட். நான்காவதாக வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே பெரிய திரையை அண்ணாந்து பார்ப்பான். நேர அடிப்படையில் உள்ளே வந்துவிட்டோமா என்று.

மகன் சேரவிருக்கும் கல்லூரியின் அணிப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். எண்ணூறில் இந்த ஆண்டு படிப்பை முடிப்பவர்கள் இருவர். ஆனால் ஒருவனுக்கு கோவிட் காலத்தில் கிடைத்த கூடுதல் ஆண்டு இன்னும் மிச்சம் இருக்கலாம். அதையெல்லாம் யாரிடம் கேட்பது?

மே 30, வெள்ளி

நெடுந்தூர ஓட்டக்காரர் ஸ்டீவ் ப்ரீஃபோன்டேன் இறந்து இன்றோடு 50 ஆண்டுகள். யூஜீனில் கார் கவிழ்ந்தபோது வயது 24. 2,000 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை அமெரிக்கச் சாதனைகள் அனைத்தும் அப்போது அவர் பெயரில் இருந்தன. அந்த இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. ஓடுகிறவர்கள் அங்கே பழைய ஷூ, பதக்கம், மார்பு எண் தாள் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கப்போனால் அது ஒரு குலதெய்வக் கோயில்தான், பூசாரி மட்டும் இல்லை.

கூஸ் பே என்ற மரம் வெட்டும் ஊரிலிருந்து வந்தவர். தடகள வீரர் பணம் வாங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அமெச்சூர் சங்கத்தோடு கடைசிவரை சண்டை போட்டார். அவர் கேட்டது இப்போது நீதிமன்றம் வழியாகக் கல்லூரிகளுக்குள் வரப்போகிறது. வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் உள்ளே வரும்போது யாரை வெளியே தள்ளிக்கொண்டு வரும் என்பது என் வீட்டுக் கவலை.

ஜூன் 1, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

“பேரனுக்கு டீமில் இடம் உறுதியாகிவிட்டதா?”

“இன்னும் இல்லை அப்பா. 45 பேர்தான் எடுப்பார்களாம்.”

“எங்கள் ஹாக்கிக்குப் பதினோரு பேர் போதுமே, நாற்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?”

எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நம் ஆட்கள் யாராவது அங்கே ஓடியிருக்கிறார்களா என்று கேட்டார். ஓடவில்லை, தாண்டியிருக்கிறார் என்றேன். கான்சஸ் ஸ்டேட்டில் படித்த தேஜஸ்வின் சங்கர், கல்லூரிகளின் உயரம் தாண்டுதல் பட்டத்தை 2018, 2022 என்று இரண்டு முறை வென்றவர். “அப்படியானால் இவனையும் தாண்டச் சொல்” என்று வைத்துவிட்டார்.

ஜூன் 3, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் எண்ணூறு இறுதிப் போட்டியை மறுபடியும் பார்த்தேன். கென்யாவின் ருடிஷா, 1:40.91. முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகச் சாதனையிலேயே இரண்டாவது சுற்று இரண்டு விநாடிக்கு மேல் மெதுவாக இருக்கிறது. கடைசி நூறு மீட்டரில் ஒருவன் பாய்ந்து வருவதாக நமக்குத் தெரிவது பெரும்பாலும் கண்ணின் மோசடி. எல்லோரும் தளர்ந்துகொண்டிருக்கிறார்கள், அவன் மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறான். அறுநூறு வரைக்கும் பயிற்சி கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு கொண்டுபோவது எதுவென்று எனக்கு எந்தப் பயிற்சியாளரும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

மணி இரண்டே முக்கால். மாடியில் மகன் அறையிலும் விளக்கு எரிகிறது.

ஜூன் 5, வியாழன்

1964-ல் இதே நாளில் காம்ப்டனில் ஜிம் ரையன் ஒரு மைலை 3:59.0-ல் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் பள்ளி மாணவர். அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். வென்றவர் டைரால் பர்ல்சன். இன்று அந்தப் பெயரை நானே தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எட்டாவதாக வந்த பையன் அடுத்த ஆண்டே 3:55.3 ஓடினான்.

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன்.

“அப்பா, எட்டாவது இடத்துக் கதை எதுவும் எனக்கு வேண்டாம்.”

ஜூன் 7, சனி

நேற்று மாலை தீர்ப்பு வந்துவிட்டது. கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் கொடுத்துவிட்டார். காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், காபி ஆறிப்போய் மனைவி இரண்டு முறை சூடாக்கினாள்.

வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு நீச்சல் வீரர். அமெரிக்கக் கால்பந்து இல்லை, கூடைப்பந்து இல்லை, கூட்டம் வராத ஒரு விளையாட்டின் ஆள். இனி ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர் வரை தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பெரும்பகுதி எங்கே போகும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. ஹெல்மெட் போட்ட கால்பந்துக்காரர்களுக்கு.

தடகளத்துக்கு? இதுவரை ஆண்கள் அணிக்கு 12.6 முழு உதவித்தொகைகள் என்று கணக்கு. அதைத்தான் முப்பது நாற்பது பேருக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள். அந்த வரம்பு போய்விட்டது. கல்லூரி விரும்பினால் எல்லோருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். அதற்கு மாற்றாக ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு: 45. அந்த நாற்பத்தைந்துக்குள் நூறு மீட்டர் ஓடுபவனும் பத்தாயிரம் ஓடுபவனும் வர வேண்டும், ஈட்டி, குண்டு, சங்கிலிக்குண்டு, கோலூன்றித் தாண்டுபவன், டெகாத்லான்காரன் எல்லோரும் வர வேண்டும். ஒரு காசும் வாங்காமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, “நானும் ஓடுகிறேன்” என்று வந்து நிற்கும் பையனுக்கு இத்தனை காலம் ஓரத்தில் ஓர் இடம் இருந்தது. அவனால் கல்லூரிக்கு என்ன செலவு? ஒரு சீருடை, பஸ்ஸில் ஓர் இருக்கை. நைக்கியைத் தொடங்கிய பில் நைட் யார்? ஓரிகனில் பயிற்சியாளர் பௌவர்மனிடம் ஓடிய நடுத்தரமான மைல் ஓட்டக்காரர். பௌவர்மன் கையால் செய்த ஷூக்களை முதலில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர். நாற்பத்தைந்து பேர் என்று அன்றைக்கு யாராவது கோடு கிழித்திருந்தால் அவர் எந்தப் பக்கம் இருந்திருப்பார்?

ஏப்ரலில் இதே நீதிபதி, ஆட்களை வெட்டும் அந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அன்று மகன் சிரித்தான். திருத்திக்கொண்டு வந்தார்கள்: வரம்பினால் இடம் இழந்தவர்களை, வருவதாக இருந்து தடுக்கப்பட்ட பள்ளி மாணவர்களையும் சேர்த்து, கல்லூரி ஒரு பட்டியலில் எழுதிக் கொடுக்கலாம். பட்டியலில் உள்ளவர்கள் 45-ல் சேர மாட்டார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. பட்டியலுக்குக் கெடு ஜூலை 6.

இலையுதிர் காலத்தில் “வா” என்றார் அந்தப் பயிற்சியாளர். மார்ச்சில் “பொறு” என்றார். முன்பணத்தை மே முதல் தேதிக்குள் கட்டிவிட்டோம். சேர்க்கை இருக்கிறது, அணி இல்லை. வெளிமாநிலக் கட்டணம்.

ஜூன் 9, திங்கள்

டெக்சஸில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், கூப்பர் லுட்கென்ஹாஸ், ரென்டனில் எண்ணூறை 1:46.26-ல் ஓடிவிட்டான். மைக்கேல் கிரான்வில்லின் 1:46.45, 1996-லிருந்து அசையாமல் இருந்த பள்ளிச் சாதனை. என் மகன் அந்தக் காணொளியைப் பல முறை ஓட்டிப் பார்த்தான். பொறாமை என்று நினைத்தேன். இல்லை. “அறுநூறில் தோளைப் பாருங்கள் அப்பா, ஏறவே இல்லை” என்றான். நீண்ட நாட்களுக்குப் பிறகு அவன் குரலில் ஒரு துள்ளல்.

ஜூன் 11, புதன்

யூஜீன் தொடங்கிவிட்டது. ஆண்களுக்கு புதனும் வெள்ளியும், பெண்களுக்கு வியாழனும் சனியும். பயிற்சியாளர் அங்கேதான் இருப்பார், ஆகவே பதிலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு வகையில் நிம்மதி.

ஜூன் 13, வெள்ளி

எண்ணூறு: டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் சாம் விட்மார்ஷ், 1:45.86. பத்துப் புள்ளி. மாலை முடிந்தபோது ஆண்கள் அணிப் பட்டியலில் ஏ அண்ட் எம்மும் சதர்ன் கலிஃபோர்னியாவும் (யுஎஸ்சி) 41-க்கு 41. பட்டம் இருவருக்கும். இரண்டு நாள், இருபத்தொரு போட்டி என்று ஓடவிட்டுக் கடைசியில் சமன்! எட்டாவது இடத்தில் வந்து ஒற்றைப் புள்ளி சேர்த்த எவனோ ஒருவன் இன்று இரவு ஒரு பட்டத்தைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். அவன் உதவித்தொகைக்காரனா, சும்மா வந்து சேர்ந்தவனா என்று தேட ஆரம்பித்தேன். “படுங்கள்” என்றாள்.

ஜூன் 14, சனி

தடை தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் அலபாமாவின் டோரிஸ் லெம்ங்கோலே 8:58.15. கல்லூரிப் பெண்களில் ஒன்பது நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆள். கடைசித் தண்ணீர்த் தடையை அவர் கடந்தவுடன் நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். ஜார்ஜியா பெண்களுக்கு அணிப் பட்டம், 73 புள்ளி. நானூறில் முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே. இன்று முழுக்க நான் 45 என்ற எண்ணை நினைக்கவில்லை, இதை எழுதும்வரை.

ஜூன் 17, செவ்வாய்

வாஷிங்டன் ஸ்டேட், எறிதல் தாண்டுதல் போட்டிகளை நிறுத்துகிறதாம். குறுந்தூரமும் தடை ஓட்டமும் சுருக்கப்படும். நெடுந்தூரம் மட்டும் பாக்கி. 1978-ல் ஹென்றி ரோனோ அந்தக் கல்லூரி மாணவராக இருந்துகொண்டு 81 நாட்களில் நான்கு உலகச் சாதனைகளை உடைத்தார், அதனால் நெடுந்தூரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்போலும். ஓடுகிற என் பையனுக்கு இது சாதகம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பதில் போடவில்லை. வட்டு எறிதலில் உலகச் சாதனை, 75.56 மீட்டர், இந்த ஏப்ரலில் எறிந்த மிகோலாஸ் அலெக்னா, எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போகும் தொலைவில், பெர்க்லியில் படிப்பவர். வட்டு எறிகிறவனின் அப்பாவும் என்னைப் போல எங்கேயோ உட்கார்ந்திருப்பார்.

ஜூன் 19, வியாழன்

மின்னஞ்சல்: “இன்னும் முடிவாகவில்லை. விரைவில் தெரிவிக்கிறோம்.” கீழே பயிற்சியாளரின் பெயர் இல்லை, அலுவலகத்தின் பெயர்.

ஜூன் 23, திங்கள்

லுட்கென்ஹாஸ் மறுபடியும். யூஜீனில் 1:45.45.

கல்லூரிச் சாம்பியனின் நேரத்தைவிட இது குறைவு. பத்தாம் வகுப்பு!

ஜூன் 26, வியாழன்

பாரிஸில் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன், ஒரு மைல், 4:06.42. நான்கு நிமிடத்துக்குள் ஓட முயன்றார். அலுவலகத்தில் “தோற்றுவிட்டார்” என்றான் ஒருவன். அவனோடு மதியம் சாப்பிடப் போகவில்லை.

ஜூன் 30, திங்கள்

உடன்பாட்டில் சேர்கிறோமா இல்லையா என்று கல்லூரிகள் சொல்ல இன்று கடைசி நாள். சேராத கல்லூரிக்கு 45 என்ற வரம்பும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை இவனுக்கு மார்ச்சிலேயே யாராவது சொல்லியிருந்தால் வேறு இரண்டு இடங்களுக்கும் எழுதியிருப்பான். இவன் கல்லூரி சேர்ந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 3, வியாழன்

காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானம். 600 மீட்டர் மூன்று முறை, இடையில் எட்டு நிமிட ஓய்வு. நான் கடிகாரம் பிடித்தேன். 1:24.9, 1:24.3, 1:23.8. மூன்றாவதில் தோள் ஏறவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, அவனே “பார்த்தீர்களா?” என்றான்.

ஜூலை 5, சனி

யூஜீனில் ப்ரீஃபோன்டேன் பெயரில் நடக்கும் ப்ரீ கிளாசிக். கென்யாவின் செபெட் 5,000 மீட்டரை 13:58.06-ல் முடித்தார், பதினான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். சிறிது நேரத்திலேயே கிப்யேகோன் 1,500-ல் 3:48.68. ஒன்பது நாளுக்கு முன் “தோற்றவர்”.

போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே இவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரி. தடகள அணி உண்டு, 45 கிடையாது, கட்டணமும் கொஞ்சம்தான். இரண்டு ஆண்டு ஓடி 1:50-க்குக் கீழே வந்தால் பிறகு மாறிக்கொள்ளலாமாம். பட்டியலில் பெயர் வந்தாலும் அங்கேதான் போவேன் என்கிறான். அவன் அம்மா சரி என்றுவிட்டாள். நான் முன்பணத்தைப் பற்றிச் சொன்னேன். பட்டியல் நாளைக்குத்தானே, ஒரு நாள் பொறு என்றேன். “பொறு என்று சொல்லாதீர்கள் அப்பா” என்றான்.

திங்கட்கிழமை பதிவு அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கிறது. நான் விடுப்பு எடுக்க வேண்டுமா என்று கேட்டேன், தேவையில்லை, கார் மட்டும் வேண்டும் என்றான்.