ரீச்சர் கரும்பலகையில் எழுதிய இரண்டு ஆண்டுகள்

எங்கள் குடியியல் ரீச்சர் இந்த வருடத் தொடக்கத்தில் காலமானார். பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் அன்று முழுவதும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அவருடைய நூல் சேலைகள், கறுப்புக் குடை, இரண்டாம் பெல்லுக்கு முன்பே வகுப்பு வாசலில் நிற்கும் வழக்கம் என்று ஆளுக்கொன்றை நினைவுகூர்ந்தார்கள். சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது எனக்கு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

மேல்மாடிக் கடைசி வகுப்பில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்தப் பாடம் உங்களுக்கு மறந்திருக்காது. அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இல் இலங்கைக்கு வந்தது, சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது என்று பாடமாக்கினால் சோதனைக்குப் போதும். ரீச்சருக்கு அது போதவில்லை. "ஆர் கேட்டது? ஆர் குடுத்தது? ஆர் வேண்டாமெண்டது?" என்று மூன்று கேள்விகளை எழுதிவிட்டுத்தான் தொடங்குவார்.

அதுவரை சொத்தோ வருமானமோ உள்ள, எழுத வாசிக்கத் தெரிந்த ஆண்களுக்கு மட்டும் வாக்கு இருந்தது. நாட்டுச் சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேரளவுதான். 1927இன் கடைசியில் கொழும்பில் சில பெண்கள் சேர்ந்து பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்து ஆணைக்குழு முன் போய் நின்றார்கள். அவர்களும் முதலில் கேட்டது படித்த, வசதியுள்ள பெண்களுக்கான வாக்கைத்தான். அப்போது டொனமூர் பிரபு, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று கேட்டாராம். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா, நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னார். இந்த இடத்துக்கு வந்தால் ரீச்சர் கொஞ்சம் நிறுத்துவார். தனக்கு மட்டும் கேட்க வந்த ஒருத்தி எல்லாருக்குமாகக் கேட்டுவிட்ட இடம் இது, நல்லாய்க் கவனியுங்கோ பிள்ளையள் என்பார்.

வேண்டாமென்றவர்களையும் அவர் மறைக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண் பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டியவர். அவரேதான் பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் வாக்கு என்பதைக் கடுமையாக எதிர்த்தார். ரீச்சர் அவரைத் திட்டவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. பெண் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பிய ஒருவர், படித்த பெண்ணின் வாக்கும் தன் வாக்கும் ஒரே பெட்டிக்குள் ஒரே நிறையோடு விழுவதை ஏன் ஏற்கவில்லை என்று எங்களையே யோசிக்கச் சொன்னார். உரிமை சுணங்குவதற்கு நான் இன்றுவரை கண்ட காரணம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கெட்டவர்கள் தடுத்து வைத்ததால் மட்டும் அது சுணங்குவதில்லை. நல்லது செய்வதாக நம்புகிறவர்களும், எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற தீர்மானத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருக்க விரும்புகிறார்கள்.

ஒருமுறை எல்லாரையும் வீட்டில் போய், அம்மம்மா அப்பம்மா முதலில் எப்போது வோட்டுப் போட்டார்கள் என்று கேட்டுவரச் சொன்னார். 1931 என்று எழுதிக்கொண்டு வருவோம் என்றுதான் நினைத்தோம். ஒருத்தியின் கொப்பியிலும் 1931 இல்லை. பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புச் செய்ததால் யாழ்ப்பாணத்தின் நாலு தொகுதிகளிலும் அந்த வருடம் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 1934இல்தான் அங்கே தேர்தல் நடந்தது. ஆசியாவில் மிக முந்தியே வாக்குரிமை பெற்ற பெண்கள் என்று புத்தகம் எங்கள் பாட்டிமாரைச் சொல்கிறது. அவர்கள் அடுப்படியில் இருந்தபடியே அந்த முதல் தேர்தலைக் கடந்துபோனார்கள். பகிஷ்கரிப்பின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றி அவர்களிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

என் அம்மம்மாவுக்குப் பெட்டியின் நிறம்தான் ஞாபகம் இருந்தது. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. "பச்சைப் பெட்டியில போடச் சொன்னவர், போட்டன் மோனை" என்றார். சொன்னவர் அம்மப்பா. அதை வகுப்பில் வாசித்தபோது சில பேர் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. "மறைப்புக்குப் பின்னால அவ தனியத்தானே நிண்டவ? பச்சையில போட்டாவோ எண்டு அவவுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அம்மம்மாவை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு அந்த நாள். கரும்பலகையின் இடப்பக்கம் 1931, வலப்பக்கம் 1948. இடப்பக்கத்தின் கீழ் ‘கிடைத்தது’, வலப்பக்கத்தின் கீழ் ‘பறிபோனது’. மலையகத் தோட்டப் பெண்களுக்கு 1931இல் கிடைத்தபோதே வதிவிட நிபந்தனைகள் போட்டுத்தான் கொடுத்தார்கள். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து குடியுரிமை போனது. அடுத்த வருடம் வாக்கும் போனது. எங்கள் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து நின்று அதை எதிர்க்கவும் இல்லை; அந்த மனக்கசப்பில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இதை ரீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். பாடத்திட்டத்தில் இல்லாத அரசியலை அழிக்கும்படி எங்கள் முன்னாலேயே சொன்னார். அழிதுடைப்பானை எடுத்துக் கொடுக்க முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பினாள். ரீச்சர் கையைக் காட்டி அவளை இருத்திவிட்டு, தானே இரண்டு பக்கத்தையும் அழித்தார். சேலைத் தலைப்பெல்லாம் சோக்குத்தூள். அதிகாரி போகும்வரை பலகையைப் பார்த்தபடியே நின்றார். எங்களுக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் ஒன்றையும் எழுதாமல், விட்ட இடத்திலிருந்து வாயாலேயே சொல்லி முடித்தார்.

1971 மாசியில் அவர் பத்திரிகையிலிருந்து ஒரு சின்னச் செய்தி வாசித்தார். சுவிற்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று ஆண்கள் வாக்களித்து, ஓம் என்று தீர்மானித்திருக்கிறார்களாம். 1959இல் அதே கேள்விக்கு ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இல்லை என்றார்கள். அந்த நாட்டில் என் பிள்ளைகள் பிறப்பார்கள் என்று அப்போது யார் நினைத்தது?

இங்கே நான் கனகாலம் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தேன். அங்கே அப்பன்செல் இன்னர்றோடன் என்ற கன்டோனை, அதாவது மாநிலத்தை, சேர்ந்த ஒரு மூதாட்டி இருந்தார். அந்தக் கன்டோனில் அப்போதெல்லாம் ஆண்கள் மட்டும் இடுப்பில் வாளோடு சதுக்கத்தில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பது வழக்கம். வாள்தான் அவர்களுடைய வாக்காளர் அட்டை. நாடு முழுவதற்குமான வாக்கு 1971இல் கிடைத்த பிறகும் கன்டோன் விடயங்களில் பெண்களுக்கு வாக்கில்லை. 1990 சித்திரையில்கூட ஆண்கள் கூடி மறுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் சமஷ்டி நீதிமன்றம் தலையிட்டுத்தான் கொடுத்தது. தன் மகன் இருபது வயதில் தாத்தாவின் வாளைக் கட்டிக்கொண்டு சதுக்கத்துக்குப் போனதையும், தான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்ததையும் அவர் சொன்னபோது, நான் அம்மம்மாவின் பச்சைப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "உங்கள் பாட்டிக்கு எனக்கு முந்தியே கிடைத்துவிட்டதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் ரீச்சருக்கு எழுதியிருக்க வேண்டும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவர் சாவகச்சேரிப் பக்கம் நடந்து போனார் என்று கேள்விப்பட்டேன், திரும்பி வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். துவக்குகளுக்கு நடுவில் தேர்தல் நடந்த வருடங்களிலும் அவர் வாக்களிக்கப் போனாராம். அவரோடு நின்றிருக்க வேண்டிய வயதில் நான் இங்கே மொழி படித்துக்கொண்டிருந்தேன். வெளிக்கிட்டது உயிருக்காகத்தான், அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் அவர் படிப்பித்ததை அவர் படிப்பித்த மண்ணில் நின்று செய்திருக்கலாமே என்ற எண்ணம் மட்டும் வயது போகப் போகக் கூடுகிறது.

சுவிஸ் குடியுரிமை கிடைத்து முதல் வாக்குப் போட்ட பிறகுதான் ரீச்சரைத் தொலைபேசியில் பிடித்தேன். குரல் மெலிந்திருந்தது. சிவப்பு அட்டை விளக்கப் புத்தகத்தோடு வாக்கு உறை வீட்டுக்கே வருவதையும், கையொப்பம் வைத்துத் தபாலில் போடுவதையும் விவரமாகக் கேட்டார். பிறகு, "அங்க இன்னும் வோட்டு இல்லாத சனம் ஆர் பிள்ளை?" என்றார். நாலு பேரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர், நொயன்பேர்க் மாதிரி ஒருசில கன்டோன்கள் தவிர மற்ற இடங்களில் அவர்களுக்கு வாக்கில்லை என்றேன். "அப்ப, கேக்கிற ஆக்களோட நீரும் நில்லும்."

நின்றேன். ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமை வேண்டும் என்ற மக்கள் முன்மொழிவுக்கு, புகையிரத நிலைய வாசலில் கையொப்பத் தாளோடு நின்றேன். வாக்கெடுப்புக்குப் போக ஒரு லட்சம் கையொப்பம் வேண்டும்; சேர்ந்தது, 2024 கார்த்திகையில் பேர்ணில் கையளித்தார்கள். தாளை வாங்காமல் போனவர்கள் பெரும்பாலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும், அவர்கள் பழகட்டும். நூறு வருடத்துக்கு முன் கொழும்பில் சொன்னதும் அதேதான்.

இதை எழுதும்போது அந்த முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வரவில்லை. சுவிசில் இருக்கும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் குடியுரிமை எடுத்தவர்கள் இப்போது நிறையப் பேர். பலர் உறையை உடைக்காமலே பழைய பத்திரிகைகளோடு போடுவது எனக்குத் தெரியும். இந்த உறை வரும்போது உடையுங்கோ. ஜெர்மன் விளங்காவிட்டால் எனக்கு அடியுங்கோ, ஒன்றாக இருந்து வாசிப்போம்.