செக் எஞ்சின் லைட் டைரி

நவம்பர் 8, சனி

காலைல வண்டிய எடுத்ததும் மீட்டர்ல மஞ்சளா அந்த எஞ்சின் படம். 2011 மாடல் பெட்ரோல் செடான், சிக்னல்ல நிக்கும்போது லேசா உதறுது, மத்தபடி பிக்கப் எல்லாம் ஓகே. லைட் நிலையா எரிஞ்சா பதற வேண்டாம், விட்டு விட்டு மின்னுச்சுன்னாதான் ஓரங்கட்டணும், மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் அப்படியே போய் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர காலி பண்ணிரும். தெருமுனை மெக்கானிக் பானெட்டக் கூட திறக்கல, "ஆக்சிஜன் சென்சர் போயிருக்கும் தம்பி, மாத்திரலாம்"ங்கறாரு. பாக்காமயே எப்படிண்ணே? எதிர்வீட்டு மாமா எலிதான்னு முடிவே பண்ணி, பானெட்டுக்குள்ள போடச் சொல்லி புகையிலை குடுத்துட்டுப் போனாரு. பேட்டரி வயர கழட்டி மாட்டினா லைட் போயிரும்னு இன்னொருத்தர். போகும்தான், கூடவே எஞ்சின் கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச ஃபால்ட் கோடும் (code) அழிஞ்சிரும், அப்புறம் எத வச்சுத் தேடுறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட்ல அந்த கோட ஃபோன்ல காட்டற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள மாட்டியாச்சு. சென்னைல 2010 ஏப்ரல்ல பிஎஸ்4 புகை விதி வந்தப்பவே ஓபிடியும் வந்துருச்சு, அதனால இந்த வயசு வண்டிக்கும் வேலை செய்யுது. வீட்டம்மா ஐஃபோன்ல கனெக்ட் ஆகல, இந்த மாதிரி மலிவு ப்ளூடூத் டாங்கிள் பலதும் ஆண்ட்ராய்டுக்குத்தான் ஒத்துவரும்.

கோடு பி0171. அதாவது கலவை லீன், காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி. 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்ங்கறதுதான் கணக்கு. இத சொல்றதே ஆக்சிஜன் சென்சர்தான், புகார் குடுத்தவனையே புடிச்சு உள்ள போடுற மாதிரி இருக்கு அத மாத்தச் சொல்றது. சென்சர் பொய் சொல்லவும் வாய்ப்பு இருக்கு, ஆனா வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவுல சுறுசுறுப்பா ஏறி இறங்குது, செத்த சென்சர் இப்படி ஆடாது.

அடுத்து ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவுல பண்ற திருத்தம். முக்கியமான இடம் இதுதான், கோட மட்டும் படிச்சுட்டு பார்ட்ஸ் வாங்க ஓடுறவங்க இத பாக்கறதே இல்ல. ஐடில்ல (வண்டி நின்னபடி எஞ்சின் மட்டும் ஓடறப்ப) லாங் டெர்ம், அதாவது நாள்பட பழகின திருத்தம், +21, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் 21 சதவீதம் பெட்ரோல் கூடுதலா ஊத்திதான் சமாளிக்குது. 2500 ஆர்பிஎம்ல ரெய்ஸ் பண்ணிப் பிடிச்சா +5க்கு எறங்கிருது. ஃபியூயல் பம்ப்போ ஃபில்டரோ வீக்குன்னா ரெய்ஸ் பண்ணப் பண்ண மோசமாகணும், இங்க தலைகீழா இருக்கு. அப்போ எங்கயோ கள்ளக்காத்து, வேக்கம் லீக். ஐடில்ல காத்து வர்ற கதவான த்ராட்டில் மூடி இருக்கும், எஞ்சின் இழுக்கற காத்தே கொஞ்சம், ஒரு சின்ன ஓட்டை கூட அதுல பெரிய பங்கு. ரெய்ஸ் பண்ணா காத்து மடங்கு மடங்கா வர்றதால அந்த ஓட்டை ஒண்ணுமில்லாம போயிருது. (இது உள்ள வர்ற காத்த அளக்கற ஏர்ஃப்ளோ சென்சர் இருக்கற வண்டிக்கு. காத்தோட அழுத்தத்த அளக்கற மேப் சென்சர் வண்டில இதே ஓட்டைக்கு பெரும்பாலும் ஐடில் வேகம்தான் ஏறும், கோடு வராமலே போகலாம்.)

நவம்பர் 12, புதன்

மழை. பானெட்டையே தொடல.

நவம்பர் 15, சனி

சில பேர் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு லீக் தேடுவாங்க, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது நமக்கு ஆகாது. பிளையர் வாய்ல துணி சுத்தி ஒவ்வொரு வேக்கம் ஹோஸா லேசா அமுக்கிட்டே ஃபோன்ல ஷார்ட் டெர்ம் ட்ரிம்ம (அப்பப்ப உடனுக்குடன் பண்ற திருத்தம்) பாத்தேன். பழைய ரப்பர், அழுத்தி நசுக்கினா நாமளே உடைச்சிருவோம். பிரேக் மிதிய லேசாக்கற பூஸ்டரோட ஹோஸ அமுக்கினேன், ஒண்ணும் அசையல. எஞ்சினுக்குள்ள சேர்ற ஆயில் ஆவிய திரும்ப இழுக்கற பிசிவி ஹோஸ அமுக்கின உடனே நம்பர் மைனஸ் 15க்கு விழுந்துருச்சு, உதறலும் நின்னுச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா வளைவுக்கு அடிப்பக்கம் ஒரு இஞ்ச் விரிசல், மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. பல் தடம் எதுவும் இல்ல, சூட்டுல வறண்டு வெடிச்சது, எலி பாவம்.

நவம்பர் 17, திங்கள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜி.பி. ரோட்ல ஹோஸ் கிடைச்சுது. கடைக்காரர் மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற தண்ணி ஹோஸ காட்டினாரு, வேணாம்னுட்டேன், ஆயில் ஆவிக்கு அது ஊறிப் போயிரும், வளைவுல மடங்கி அடைச்சுக்கவும் செய்யும். அச்சுல வார்த்த வளைவோட வர்றதுதான் வேணும். மாட்டி, கிளிப்பும் புதுசா போட்டு, அதுக்கப்புறம்தான் கோட அழிச்சேன். நாமா அழிக்காட்டியும் ஃபால்ட் இல்லாம தொடர்ந்து மூணு டிரைவ் சைக்கிள் (ஸ்டார்ட் பண்ணி ஓட்டி நிறுத்தறது ஒண்ணு) ஓடினா லைட் தானா அணையும்.

நவம்பர் 22, சனி

செங்கல்பட்டு வரை போய்ட்டு வந்தாச்சு. ஐடில் ட்ரிம் +3. லைட் வரல. பூஸ்டர் ஹோஸும் அதே வயசுதான், தொட்டா கல்லு மாதிரி இருக்கு, அது பிரேக் சமாச்சாரம், அடுத்த சம்பளத்துல மாத்திரணும்.