கற்றையின் தலையெழுத்து முதல் மில்லிமீட்டரிலேயே

"எந்த சாஃப்ட்வேர் சார் யூஸ் பண்றீங்க?" நான் எலெக்ட்ரான் கன்னும் அயனி சோர்ஸும், அதாவது எலெக்ட்ரானையும் அயனியையும் கற்றையாகக் கிளப்பிவிடுகிற கருவிகளை, வடிவமைக்கிறவன் என்று தெரிந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து இன்ஜினியரிங் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சொல்லிவிடுகிறேன். சிமியான் இருக்கிறது, அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் ஹெர்மன்ஸ்ஃபெல்ட் எழுதிய ஈகன் இருக்கிறது, அயனிக்கு ஐபிசிமு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதையெல்லாம் திறப்பதற்கு முன்னால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே போட்டுவிடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போடாமல் நேரே கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்களுக்கு அழகழகான கலர்ப் படம் கிடைக்கும், கற்றை கிடைக்காது.

1911-இல் சைல்ட், 1913-இல் லாங்மியூர் என்ற விஞ்ஞானிகள் சொன்ன கணக்கு அது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி, இவ்வளவு வோல்டேஜ் என்றால் அதிகபட்சம் இவ்வளவு கரண்ட்தான் பாயும், அதற்கு மேல் ஒரு துளி கூடப் போகாது. 1 சென்டிமீட்டர் இடைவெளி, 10 கிலோவோல்ட் என்று வையுங்கள், எலெக்ட்ரானுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 2.33 ஆம்பியர். இடைவெளியைப் பாதியாக்கினால் நாலு மடங்கு ஆகும். வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் 2.8 மடங்கு. எலெக்ட்ரானை வெளியே விடுகிற ஃபிலமென்ட்டை இன்னும் சூடாக்கினால்? ஒன்றும் ஆகாது, ஃபிலமென்ட் சீக்கிரம் போகும், அவ்வளவுதான். கிளம்பிய எலெக்ட்ரான்களே முன்னால் கூட்டமாக நின்றுகொண்டு பின்னால் வருவதைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதே கணக்கை ஆர்கான் அயனிக்குப் போட்டால் 270 மடங்கு குறைந்து வெறும் 8.6 மில்லிஆம்பியரில் வந்து நிற்கும். ஆர்கான் கனம், மெதுவாக நகரும், ஆகவே நெரிசலும் அதிகம். "அந்த எலெக்ட்ரான் கன்னையே கொஞ்சம் மாற்றி கேஸ் விட்டு அயனிக் கற்றை எடுத்துக் கொடுங்களேன்" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த 270-ஐத்தான்.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மொத்த இடைவெளியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும்போது எலெக்ட்ரானிடம் மொத்த ஆற்றலில் 5 சதவீதம்கூட சேர்ந்திருக்காது. 30 கிலோவோல்ட்டை முழுதாக வாங்கி முடித்த எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் பறக்கும், அதை அப்புறம் தொந்தரவு செய்வது கஷ்டம். கிளம்புகிற இடத்தில் அது தவழ்கிறது. பக்கத்து எலெக்ட்ரான் தள்ளினால் சாய்கிறது, வோல்டேஜ் கொடுத்த உலோகத் துண்டான எலெக்ட்ரோடின் விளிம்பு லேசாகக் கோணினால் திரும்புகிறது. அங்கே கெட்டுப்போன கற்றையைக் கீழே எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. லென்ஸ் புள்ளியைச் சின்னதாக்கும், பதிலுக்குக் கோணத்தை விரித்துவிடும். சோர்ஸில் இல்லாத பிரகாசத்தை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது என்பது லியோவில் தேற்றம், அதோடு பேரம் பேச முடியாது.

ஆகவே எதிலிருந்து எலெக்ட்ரான் எடுப்பது என்பதுதான் முதல் முடிவு. டங்ஸ்டன் என்றால் 2,700 கெல்வின் வாக்கில் சூடாக்க வேண்டும், அதன் மேற்பரப்பை விட்டு எலெக்ட்ரான் வெளியேற 4.5 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. லாந்தனம் ஹெக்சாபோரைடுக்கு 2.7 போதும், 1,800 கெல்வினிலேயே தாராளமாகக் கொடுக்கும், பிரகாசமும் பல மடங்கு. கேட்டலாக் படித்துவிட்டு வருகிற எல்லோருக்கும் அதுதான் வேண்டும். சரி, உங்கள் சேம்பரில் வெக்யூம் எவ்வளவு என்று கேட்டால் பதில் இழுக்கும். அதற்கு டங்ஸ்டனைவிட நூறு மடங்கு நல்ல வெக்யூம் வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்பு நஞ்சாகிவிடும். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் பிரகாசம் உயிர், அங்கே செலவு செய்யலாம். வெல்டிங் மெஷினில் உருகிய உலோகத்தின் ஆவி நேரே கன் பக்கம் ஏறி வரும், அங்கே டங்ஸ்டன்தான் தாக்குப்பிடிக்கும். 60 கிலோவோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் கொடுத்தால் 6 கிலோவாட், இரும்பைத் துளைத்துக்கொண்டு போகும். அதற்கு யாரும் நானோமீட்டர் புள்ளி கேட்கவில்லை.

டங்ஸ்டன் ஹேர்பின் ஃபிலமென்ட்டைப் பொருத்துவதைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் இந்தத் தொழில் புரியும். கொண்டை ஊசி மாதிரி வளைத்த மெல்லிய கம்பி, அதன் நுனி, அதைச் சுற்றி நிற்கும் வெனல்ட் என்ற உலோக மூடியின் துளைக்குச் சற்றுப் பின்னால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில், சரியாக நடுவில் நிற்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நிறுத்துகிறோம். ஆனால் நிறுத்தியது குளிர்ந்த கம்பியை. சூடேறும்போது 5 மி.மீ. நீளக் கால் ஏறத்தாழ 0.06 மி.மீ. முன்னால் வரும், அதைத் தாங்கும் தண்டுகளும் தங்கள் பங்குக்கு நகரும். டிராயிங்கில் எழுதிய இடைவெளி வேறு, கற்றை பார்க்கிற இடைவெளி வேறு. பியர்ஸ் 1940-இல் கொடுத்த 67.5 பாகைக் கோணம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, கற்றையின் ஓரம் விரியாமல் நேராகப் போக, எலெக்ட்ரான் கிளம்புகிற கேத்தோடின் பக்கத்து எலெக்ட்ரோடை அந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும். அந்தக் கோணத்தை அரைப் பாகை சுத்தமாகக் கடைந்துவிட்டு, சூட்டில் கேத்தோடு எவ்வளவு நகரும் என்று கணக்குப் போடாமல் விட்டால் கடைசல் கூலி தண்டம்.

கடைசல் என்றதும் துவாக்குடி பட்டறைகள். திருச்சி பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது, அங்கே இருக்கிற டர்னர்களின் கை சுத்தம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆனால் வெக்யூம் வேலை அவர்களுக்குப் பழகிய சில நல்ல வழக்கங்களுக்கே எதிராகப் போகும். அடியில் மூடிய துளைக்குள் போல்ட் முடுக்கினால் அடியில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் கசியும். ஹீலியம் லீக் டிடெக்டர் வைத்துத் தேடினாலும் பிடிபடாது, ஏனென்றால் அது வெளியிலிருந்து வரும் கசிவே இல்லை. அதற்காகப் போல்ட்டுக்கு நடுவில் நீளவாக்கில் துளை போடச் சொன்னால், "ஏன் தம்பி, நல்ல போல்ட்டைக் கெடுக்கச் சொல்றீங்க?" என்பார் பட்டறைக்கார அண்ணன். காரணம் சொன்ன பிறகு அவரே அடுத்த டிராயிங்கில் "இதுல துளை போட மறந்துட்டீங்களா?" என்று போன் செய்தார். அவரை மாதிரி ஆள் இருந்தால் சிமுலேஷனில் பாதி மிச்சம்.

பித்தளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் பாத்திரத்துக்கும், பக்கத்து நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் பேர்போனது, நல்ல பித்தளை மலிவாகக் கிடைக்கும், கடையவும் சுகம். கன் பக்கம் மட்டும் கொண்டுவரக் கூடாது. அதிலிருக்கும் துத்தநாகம் வெக்யூமில் சூடு பட்டால் ஆவியாகி இன்சுலேட்டர் மேல் படியும், படிந்த இன்சுலேட்டர் வழியே ஹை வோல்டேஜ் ஓடிவிடும். தாமிரம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மாலிப்டினம், டான்டலம், அலுமினா செராமிக், இவ்வளவுதான் என் அலமாரி. நல்ல வெக்யூம் மில்லிமீட்டருக்கு 10 கிலோவோல்ட் தாங்கும் என்பார்கள், நான் அதில் பாதியைத் தாண்டுவதில்லை. உலோகமும் செராமிக்கும் வெக்யூமும் மூன்றும் சந்திக்கிற அந்த மூலையில்தான் பொறி கிளம்பும், அதை எலெக்ட்ரோடின் மடிப்புக்குள் ஒளித்துவைக்க வேண்டும்.

அயனி சோர்ஸ் வேறு உலகம். அங்கே அயனி கிளம்புகிற இடத்தில் கெட்டியாக ஒரு பொருளே கிடையாது. கேஸை அயனியும் எலெக்ட்ரானும் கலந்த பிளாஸ்மாவாக்கி, ஒரு துளை வழியே அயனியை இழுக்கிறோம், துளையில் பிளாஸ்மாவின் விளிம்புதான் கேத்தோடின் வேலையைச் செய்கிறது. பிளாஸ்மா அடர்த்தி கூடினால் அந்த விளிம்பு வெளியே உப்பிக்கொண்டு கற்றையை விரிக்கும், இழுக்கிற வோல்டேஜ் கூடினால் உள்ளே குழிந்து குவிக்கும், ரொம்பக் குழிந்தால் கற்றை தன் குறுக்கே தானே பாய்ந்து எலெக்ட்ரோடில் அடிக்கும். ஆகவே கேஸ் அழுத்தம், டிஸ்சார்ஜ் கரண்ட், வோல்டேஜ் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கேட்கும். இழுக்கும் எலெக்ட்ரோடுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் கொடுக்க மறந்தால் கற்றைக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் பின்னோக்கி ஓடி சோர்ஸையே சுடும், எக்ஸ்ரேயும் வரும். இதில் சோர்ஸ் முழுவதும், சில நேரம் கேஸ் சிலிண்டர் உட்பட, ஹை வோல்டேஜில் மிதக்கும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளாஸ்மாவே வேண்டாம் என்றால் காலியம் என்ற உலோகம் இருக்கிறது. டங்ஸ்டன் ஊசியின் மேல் உருகிய காலியம், எதிரே வோல்டேஜ், நுனி ஒரு கூம்பாக எழும்பி நிற்கும். அந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3 பாகை என்று டெய்லர் 1964-இல் கணக்கிட்டார். சிலிக்கான் சிப்பை நானோமீட்டர் அளவில் வெட்டுகிற கருவிகளில் நெடுங்காலம் இதுதான் ஆட்சி. காலியம் உருகுவது 29.8 டிகிரியில், எங்கள் ஊர் அக்னி நட்சத்திரத்தில் ஒருமுறை உருகினால் மேசையில் இறுகவே இறுகாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்களில் டெல்டாவில் வெக்யூம் வேலை பொறுமையைச் சோதிக்கும். சேம்பரைத் திறந்த நேரத்தில் உள்சுவரில் ஒட்டிய ஈரத்தை பம்ப் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் வெக்யூமை மட்டும் கெடுப்பதில்லை. நீராவி சூடான டங்ஸ்டனை ஆக்சைடாக்கி எடுத்துப்போய்ச் சுவரில் படியவிடும், அங்கே ஹைட்ரஜன் அந்த ஆக்சைடை உடைக்கும், மறுபடி நீராவி, மறுபடி ஃபிலமென்ட். துளி நீர் தீர்ந்துபோகாமலே கம்பியைத் தின்றுகொண்டிருக்கும். லாங்மியூர் பல்பு கறுப்பதை ஆராய்ந்தபோது கண்டது இது. ஆகவே திறக்கும்போது அறைக் காற்றை உள்ளே விடாமல் காய்ந்த நைட்ரஜனை விட வேண்டும், மழைக்காலத்தில் இதைக் கட்டாயமாக்கி எழுதிக் கொடுக்கிறேன்.

கரண்ட் கட்டுக்கு எல்லோரும் யுபிஎஸ் போடுகிறார்கள். கரண்ட் போவதில் அவ்வளவு ஆபத்தில்லை, ஃபிலமென்ட்டும் கூடவே அணைந்துவிடும். திரும்பி வருவதுதான் ஆபத்து. பம்ப் நின்ற நேரத்தில் உள்ளே காற்று ஏறியிருக்கும், கரண்ட் வந்ததும் ஃபிலமென்ட் சப்ளை பழைய செட்டிங்கில் தானாகக் கிளம்பினால் சில வினாடிகளில் டங்ஸ்டன் மஞ்சள் பொடியாகிவிடும். வயலில் போர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைப்போமே, ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்தால் தானாக ஓடட்டும் என்று, அதற்கு நேர் எதிரானது இங்கே வேண்டும்: வெக்யூம் கேஜ் சரி என்று சொல்லி, அப்புறம் ஒரு ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் சூடேற வேண்டும். செலவைக் குறைக்க உட்காரும்போது கஸ்டமர்கள் முதலில் கை வைப்பது இந்தக் காவலைச் செய்கிற ரிலேயில்தான். எலெக்ட்ரோடின் பாலிஷைக் குறைக்கச் சொன்னால்கூடப் பேசிப் பார்ப்பேன், இதற்கு மட்டும் சம்மதிப்பதில்லை.