விரல் நின்ற இடம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, சமூக அறிவியல். மற்ற அறைகளில் எழுதிய பிள்ளைகள் 1.15க்கே கிளம்பிவிட்டார்கள். நானும் ஒரு மாணவனும் மட்டும் அவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இருந்தோம். வரைபடக் கேள்வி மட்டும்தான் பாக்கி. இந்திய வரைபடத்தில் கட்ச் வளைகுடாவைக் குறிக்க வேண்டும்.

அவனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் காது பழகிவிட்டால் தெளிவாகப் புரியும். கைதான் சொன்னபடி கேட்காது. நான் அவன் சொல்வதை எழுதுபவர். சமூக அறிவியல் நடத்தாத கணக்கு டீச்சர் என்பதால் இந்தப் பாடத்துக்கு என்னைப் போட்டிருந்தார்கள். வலது கையைத் தூக்கினான், அது காகிதத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, குஜராத் பக்கம் இறங்கியது. "இங்க டீச்சர்."

விரல் இறங்கிய இடம் சௌராஷ்டிராவின் நட்டநடு. அங்கே கடலே இல்லை, தரை. அதற்கு மேலே கட்ச் வளைகுடா, கிழக்கே தள்ளிப் போனால் காம்பே வளைகுடா. "இன்னொரு தடவை காட்டுப்பா" என்றேன். திரும்பவும் அதே சுற்று, அதே இடத்துக்குப் பக்கத்தில், இன்னும் ஆட்டத்தோடு. மேலேயா கீழேயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அதுவே பாதி விடையைச் சொல்லிக் கொடுத்த மாதிரி. கேட்கவில்லை. கட்ச்சில் புள்ளி வைத்து, பெயர் எழுதினேன்.

எல்லாம் முடிந்து விடைத்தாளைக் கட்டும்போது கேட்டான்: "டீச்சர், நான் காட்டுன இடத்துலதான் வச்சீங்களா?"

"ஆமாப்பா" என்றேன்.

அந்த "ஆமாப்பா"வைத்தான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதே தேர்வில், ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு அவன் சொன்ன விடை தப்பு என்று எனக்கே தெரிந்தது. முகத்தில் எதுவும் காட்டாமல் அப்படியே எழுதினேன். ஒரு நொடி பேனாவை நிறுத்தியிருந்தால் கூட அவன் கண்டுபிடித்திருப்பான், பிள்ளைகள் நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே அவ்வளவு கறாராக இருந்தவள் வரைபடத்தில் மட்டும் ஏன் அப்படிச் செய்தேன்? சொல்லை மாற்றினால் அது ஏமாற்று வேலை என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். ஆடுகிற விரலுக்கு என்ன செய்வது? விரல் நின்ற இடத்தை எடுத்துக்கொள்வதா, அது போக நினைத்த இடத்தையா? விரல் நின்ற இடத்திலேயே வைத்திருந்தால் தரைக்கு நடுவில் ஒரு வளைகுடா வந்திருக்கும். அது அவன் படித்ததற்கு வந்த மதிப்பெண்ணாக இருக்காது, அவன் நரம்புக்கு வந்ததாக இருக்கும். கை சரியாக உள்ள பிள்ளைகள் ஒரு நூல் தள்ளிக் குறித்தால் எந்தத் திருத்துநரும் கண்டுகொள்வதில்லையே.

இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், சரி. ஆனால் கேள்வித்தாளில் காம்பே வளைகுடா கேட்டு, அவன் விரல் அதே இடத்தில் நின்றிருந்தால்? புள்ளியைக் காம்பேயில்தான் வைத்திருப்பேன். அப்படியானால் விடையைத் தீர்மானித்தது அவன் விரலா, எனக்குத் தெரிந்த பூகோளமா? இந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லாமல் போய்விடுகிறது.

இதை அன்றைக்குத் தேர்வு மையத்தில் இருந்த துறை அலுவலரிடமும் சொல்லவில்லை, பின்னால் ஆசிரியர் அறையிலும் சொல்லவில்லை. காரணம் பயம் மட்டும் இல்லை. "எழுதப் போறவங்கதானே பாஸ் பண்ண வைக்கிறாங்க" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தை அந்தச் சலுகையை வாங்குவதற்குள் அம்மா எத்தனை சான்றிதழுக்கு எத்தனை முறை மருத்துவமனைக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அலைகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 2016 சட்டத்தில் 21 ஆனது. குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதத்தையும் அங்கே ஏற்கவில்லை. அத்தனை பேர் போராடி வாங்கியதற்கு எதிராக என் ஒரு புள்ளி சாட்சி சொல்லிவிடுமோ என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடிக்கொண்டிருந்தது சரிதானா என்றும் தெரியவில்லை.

2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களை ரொம்பத் தாமதமாகத்தான் முழுசாகப் படித்தேன். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, எங்கள் மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதுதான் ஒரு மணி நேரமாகிறது. அதே வழிகாட்டுதலில், எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னாலேயே மாணவர் சந்தித்து, இவர் நமக்குச் சரிப்படுவாரா என்று பார்த்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்றும் இருந்தது. நானும் அவனும் சந்தித்தது தேர்வு அன்று காலை ஒன்பதரைக்கு. அவன் பேச்சு எனக்குப் பிடிபடவே முதல் பதினைந்து நிமிடம் போனது, "என்னப்பா, என்னப்பா" என்று ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்ல வைத்தேன். அவன் கை எப்படி இறங்கும், எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கிடைத்திருந்தால் ஒரு வழி பண்ணியிருக்கலாம். கணக்கு டீச்சருக்கு இது தோன்றாமல் போனது இன்னும் வலிக்கிறது: அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறது. விரலை விட்டுவிட்டு வாயால் சொல்லச் சொல்லலாம், வடக்கே 22, 23 டிகிரி, கிழக்கே 69, 70 என்று. "சௌராஷ்டிராவுக்கு வடக்கே இருக்கிற கடல்" என்று அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாலே போதும், நான் வைத்த புள்ளி முழுக்க அவனுடையதாகியிருக்கும். அந்த நிமிடத்தில் "வாயால சொல்லுப்பா" என்று நானே கேட்டிருக்கலாமே. அதில் எந்தக் குறிப்பும் இல்லையே. தோன்றவில்லை. மணி ஆகிவிட்டது, எனக்கும் பசி, விடைத்தாள் கட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற அவசரம்.

அதற்குப் பிறகு இந்த வேலைக்குப் போட்டால், முந்தின நாளாவது பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கேட்கிறேன். ஒரு வருஷம் விட்டார்கள், ஒரு வருஷம் விடவில்லை.

அவன் தேர்ச்சி பெற்றுவிட்டான். அந்த ஒரு மதிப்பெண்ணால் எதுவும் மாறியிருக்காது. ஆனால் அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பதுதான் விடமாட்டேன் என்கிறது. தனக்குச் சரியான இடம் தெரியும், இந்த டீச்சருக்கு என் விரல் புரிந்ததா என்று பார்த்தானா? இல்லை, தனக்கே உறுதியாகத் தெரியாமல், டீச்சர் தானாக வைத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டானா? முதலாவது என்றால் நான் சொன்னது உண்மை. இரண்டாவது என்றால், தன் மதிப்பெண் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒரு பிள்ளையிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் எது என்று தெரிந்திருக்கும். நான் குனிந்து நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே பதில் சொன்னேன்.