மெடிக்கல்ல வாங்குன பேர் தெரியாத "செட்டு" மாத்திரையும் என் வயித்துப் புண்ணும்

ஒன்பது நாள் மலம் தார் மாதிரி கருப்பா போயிட்டு இருந்தும் நான் சும்மா இருந்துட்டேன். அத இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. ஆஸ்பத்திரில இருந்து வந்து மூணு மாசம் ஆச்சு, என்னைய மாதிரி நின்னு வேல பாக்குற யாராவது ஒருத்தராவது படிக்கட்டும்னுதான் இத எழுதுறேன்.

மதுரைல ஒரு ஜவுளிக்கடைல சேல செக்ஷன்ல இருக்கேன். வயசு 47. ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்சா தீபாவளி வரைக்கும் பத்து பன்னெண்டு மணி நேரம் நிப்பு. கடை வேல பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத்த திருத்தியாச்சு, எங்க கடைலயும் ஸ்டூல் இருக்கு, ஆனா கஸ்டமர் வரிசையா நிக்கும்போது யாரு உக்காருறது. எனக்கு குதிகால் வலி. காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது ஆணி ஏறுன மாதிரி இருக்கும். கூட வேல பாக்குற அக்கா ஒருத்தங்கதான் "பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போடு, ராத்திரியே வலி போயிரும்"னு சொன்னாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க, அவங்க மேல எனக்கு கோவமே இல்ல.

செட்டுன்னா என்னான்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே"ன்னா, நாலஞ்சு டப்பால இருந்து ஒவ்வொரு மாத்திரையா கத்திரில வெட்டி சின்ன பேப்பர் கவர்ல போட்டு குடுப்பாங்க. 20 ரூவா. பில்லு கெடையாது. வெட்டுறப்ப பேர் இருக்குற எடம் அங்கயே போயிரும், நம்ம கைக்கு வர்றது ஒரு ரோஸ் மாத்திரை, ஒரு குட்டி வெள்ளை, ஒரு கேஸ் மாத்திரை, அவ்ளோதான். ஆனா சொன்ன மாதிரியே வலி போச்சு, மறுநாள் துள்ளி நடந்தேன். அதான் ஆபத்தே. ஆடில வாரத்துக்கு ரெண்டு, ஆவணில ஒருநாள் விட்டு ஒருநாள், புரட்டாசி பொறந்ததுல இருந்து தெனமும்.

நடுவுல நடந்த ரெண்டு விஷயத்த நான் சேத்துப் பாக்கல. ஒண்ணு, கணுக்கால் வீங்க ஆரம்பிச்சுது, நின்னு நின்னுதான் வீங்குதுன்னு நெனச்சேன். இன்னொண்ணு, ரெண்டு வருஷமா ஒரே அளவுல இருந்த என் பிபி ஏறிப் போச்சு, பிபி மாத்திரைய 40ல இருந்து 80 ஆக்குனாங்க. அவங்களும் வேற என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேக்கல, நானும் சொல்லல. வலி மாத்திரைய போயி மருந்துன்னு யாரு கணக்குல வைக்கிறா? அதுபோக தலவலி வந்தா வீட்டுப் பக்கத்துக் கடைல ஐபுப்ரோஃபென் கலந்த மாத்திரை வாங்கிப் போடுவேன். காலுக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு, ரெண்டும் வேற வேறன்னு நெனச்சுக்கிட்டு.

புரட்டாசி கடைசில மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. சேல மடிக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கும். வயித்துல வலின்னு பெருசா இல்ல, லேசா எரிச்சல், அதுக்கு ரோஸ் கலர் சிரப்பு ரெண்டு மூடி குடிச்சா அடங்கிரும். லீவு போட்டுட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். ரெண்டு மணி நேரம் காத்து ரெண்டு நிமிஷம் பாத்தாங்க. "ரத்தம் கம்மியா இருக்கும்மா, இந்த வயசுல மாசாமாசம் அதிகமா போகும்"னு இரும்புச்சத்து மாத்திரை எழுதி, உடம்பு வலின்னு சொன்னதுக்கு இடுப்புல ஒரு ஊசி. அந்த ஊசியும் வலி ஊசிதான்னு அப்புறமா ஆஸ்பத்திரில அந்த சீட்ட பாத்து பெரிய டாக்டர் சொன்னாங்க. எரியுற அடுப்புல மண்ணெண்ணெய் ஊத்துன மாதிரி ஆயிருச்சு.

இரும்பு மாத்திரை போட்டா கருப்பாத்தான் போகும்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலதான் அந்த ஒன்பது நாள் நான் பயப்படவே இல்ல. தயவுசெஞ்சு இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கங்க. இரும்பு மாத்திரைல கரும்பச்சையா, கெட்டியா போகும். உள்ள ரத்தம் கசிஞ்சா பளபளன்னு தார் மாதிரி ஒட்டும், தண்ணி ஊத்துனாலும் லேசுல போகாது, அந்த நாத்தம் வேற மாதிரி இருக்கும், ஒருதடவ மோந்தா மறக்காது. எனக்கு நாத்தம் வந்துச்சு. ஏதோ சாப்பாடு ஒத்துக்கலன்னு விட்டுட்டேன்.

பத்தாவது நாள் காலைல குளிச்சிட்டு வெளிய வந்தவ அப்படியே வாசப்படில சரிஞ்சுட்டேன். மகதான் தாங்கிப் பிடிச்சா. ஆட்டோல போட்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. அங்க இருந்த சின்ன வயசு டாக்டர் பொண்ணு என் கண் இமைய கீழ இழுத்துப் பாத்துட்டு மொதல்ல கேட்டதே "மலம் என்ன கலர்ல போகுது"ன்னுதான். ரெண்டாவது கேள்வி "வலி மாத்திரை போடுறீங்களா?" ஆமான்னேன். "என்ன மாத்திரை?" அங்கதான் மாட்டுனேன். பேர் தெரியாது. ஸ்ட்ரிப்பு இல்ல, பில்லு இல்ல, சீட்டு இல்ல. ரத்த அளவு காட்டுற ஹீமோகுளோபின் 6.8, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் 1.8. "அந்த குட்டி வெள்ள மாத்திரை என்னான்னு எங்களுக்கு கண்டிப்பா தெரியணும்"னு அந்தப் பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

சாப்பாட்டுப் பையில ஒரு கவர் மிச்சம் இருந்துச்சு, ஆனா மாத்திரை பின்னாடி பாதி எழுத்துதான். எங்க வீட்டுக்காரர் அந்தக் கவர எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போனாரு. "ஓனர் இல்ல, சாயந்தரம் வாங்க." சாயந்தரம் போனா "நாங்க குடுத்ததுன்னு எப்படி சொல்றீங்க, பில்லு இருக்கா?" பில்லு தராத கடைல போயி பில்லு கேக்குறாங்க! பொண்டாட்டி ஐசியுல கெடக்கான்னு சொல்லியும் பேரு எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க. எதுக்குன்னு பின்னாடிதான் புரிஞ்சுது, அந்த மாத்திரை அட்டைலயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சிவப்புக் கட்டத்துல எச்சரிக்கை போட்டுருக்கும், நம்மதான் அட்டையவே பாக்குறது இல்லயே.

மூணாவது தடவ அவரு ஒரு வேல பண்ணாரு. மறுநாள் காலைல கடைப் பையன் மட்டும் இருக்குற நேரமா போயி சாதாரண ஆள் மாதிரி "தம்பி, குதிகால் வலி, எம்பொண்டாட்டி வாங்குவாளே அந்த செட்டு ஒண்ணு"ன்னு கேட்டாரு. பையன் எடுத்து கல்லா மேல அட்டைய வச்சு வெட்டுறப்ப ஃபோன்ல ரெண்டே ரெண்டு ஃபோட்டோ. ரோஸ் மாத்திரை டைக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேந்தது. குட்டி வெள்ளை டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. வாங்குன மாத்திரையும் மிச்சம் இருந்ததும் ஒண்ணாவே இருந்துச்சு. அந்த ஃபோட்டோவ பாத்த ஒடனே பெரிய டாக்டர் "நல்ல வேல பண்ணீங்க"ன்னு அவர் தோள்ல தட்டுனாங்களாம். ஸ்டீராய்ட பல வாரம் போட்டவங்க சட்டுன்னு நிறுத்துனா பிரஷர் எறங்கி வேற ஆபத்து வரும், அதனால அதுக்கு தனியா பாக்கணுமாம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேந்தா வயித்துல ரத்தம் கசியுற வாய்ப்பு இன்னும் ஏறுமாம். பேர் தெரியாம இருந்திருந்தா இது ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

ரத்தம் ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க, சட்ட செக்ஷன் பசங்க ரெண்டு பேரு ஓடி வந்து பதிலுக்கு குடுத்தாங்க, அவங்கள சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். வாய் வழியா கேமரா குழாய் விட்டு பாக்குற எண்டோஸ்கோபி பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, பயந்த அளவுக்கு இல்ல. வயித்துக்குள்ள ஒன்றரை சென்டிமீட்டர் புண்ணு, கசிஞ்ச எடத்துல ஊசி போட்டு கிளிப்பு மாட்டுனாங்க. கூடவே வயித்துப் புண்ண உண்டாக்குற ஹெச் பைலோரி கிருமியும் இருந்துச்சு, அதுக்கு 14 நாள் மாத்திரை, வாயெல்லாம் இரும்பு நக்குன மாதிரி கசப்பு.

நான் டாக்டர்ட்ட கேட்ட ஒரே கேள்வி, "நான் எப்பவும் சாப்பிட்டுட்டுத்தான போட்டேன், கேஸ் மாத்திரையும் போட்டேனே?" அவங்க சொன்னது எனக்கு புதுசு. நம்ம வயித்துல ஊறுற அமிலம் வயித்தையே அரிக்காம இருக்க உள்பக்கமா வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. அத தயார் பண்ணச் சொல்ற பொருள் புரோஸ்டாகிளாண்டின். வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குறதும் அதே பொருள்தான். வலி மாத்திரை அந்த ரெண்டு வேலையையும் சேத்து அடைச்சிரும். ரத்தத்துல கலந்து போயி அடைக்கிறதால சாப்பிட்டுட்டு போட்டாலும், ஊசியா போட்டாலும் வயித்துக்கு வர்ற ஆபத்து முழுசா போகாது. செட்டுல இருந்த கேஸ் மாத்திரை எரிச்சலத்தான் கொறைக்கும், வயித்துப் புண்ணத் தடுக்க அந்த மாத்திரை அந்த அளவுல போதாதாம். வலி தெரியாம இருந்ததுக்கும் காரணம் சொன்னாங்க, போடுறதே வலி மாத்திரை, புண்ணு வலி எப்படி தெரியும். கிட்னிக்குள்ள ரத்தம் போறதும் இதே பொருள நம்பித்தான் இருக்கு, அதான் கிரியேட்டினின் ஏறுனது. கால் வீங்குனது, பிபி ஏறுனது எல்லாம் ஒரே மாத்திரையோட வேல. நான் என்ன பண்ணேன், கால் வீங்குதுன்னு இன்னொரு செட்டு போட்டேன். பிபி மாத்திரை, நீர் மாத்திரை போடுறவங்க வீட்டுல இருந்தா அவங்களுக்கு இத ரெண்டு தடவ படிச்சுக் காட்டுங்க.

மக விலங்கியல் படிக்கிறா. ஆஸ்பத்திரில டைக்ளோஃபினாக்னு பேரக் கேட்டதும் அவ மொகம் மாறிருச்சு. பாறு கழுகுங்க இந்தியா முழுக்க கூட்டம் கூட்டமா செத்ததுக்கு இந்த மருந்துதான் காரணமாம், மாட்டுக்கு போட்ட மருந்து செத்த மாட்டுல இருந்து கழுகுக்குப் போயி கிட்னி கெட்டு செத்துருக்கு, அதனால 2006ல மாட்டுக்கு போடுறதுக்கு தடை போட்டாங்களாம். அவ காலேஜ்ல நீலகிரில மொயாறு பக்கம் கூட்டிட்டுப் போயி மிச்சம் இருக்குற கழுகுங்கள காட்டுனாங்களாம். "அதே மருந்துதாம்மா"ன்னு சொல்லிட்டு அழுதா. மனுஷன் உடம்பு வேற, கழுகு உடம்பு வேற, தெரியும், ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

வெளிய வந்தப்புறம் இ.எஸ்.ஐ. லீவு பணத்துக்கு அலைஞ்சது தனி. சம்பளத்துல 70 சதவீதம் வரும், ஆனா டிஸ்சார்ஜ் சம்மரில எத்தன நாள் ரெஸ்ட்டுன்னு எழுதலன்னு திருப்பி விட்டுட்டாங்க. அத வாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நட, அங்க டாக்டர் லீவு, மறுநாள் ஒரு நட, எழுதி வாங்கிட்டுப் போனா சீல் இல்லன்னு மறுபடியும். படுத்து எந்திரிச்ச உடம்போட மூணு பஸ்ஸு மாறி நாலு நட. டிஸ்சார்ஜ் ஆகும்போதே ரெஸ்ட்டு எத்தன நாளுன்னு எழுதி சீல் போட்டு ரெண்டு காப்பி வாங்கிருங்க.

எட்டு வாரம் கழிச்சு புண்ணு ஆறிருச்சான்னு பாக்க மறுபடி எண்டோஸ்கோபி. காலைல 8 மணிக்கு வரச் சொன்னாங்க, வெறும் வயித்தோட வரணும்னு சொல்லல. மொத தடவ அட்மிட் ஆகி இருந்ததால எனக்கும் அது தோணல. ஆறு மணிக்கு ஒரு வாய் காப்பி குடிச்சிருந்தேன். பால் கலந்த காப்பியான்னு கேட்டு, இன்னைக்கு முடியாதும்மா நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. ஒருநாள் சம்பளம் போச்சு. மறுநாள் பாத்ததுல புண்ணு முழுசா ஆறிருச்சு. கிரியேட்டினின் 1.0. பிபி மாத்திரை மறுபடி 40க்கே வந்துருச்சு, அத டாக்டர் வாயால கேட்டப்ப அழுதுட்டேன்.

குதிகால் வலி இன்னும் இருக்கு. ஃப்ரிட்ஜ்ல தண்ணி பாட்டில உறைய வச்சு ராத்திரி உள்ளங்கால்ல பத்து நிமிஷம் உருட்டுறேன், காலைல கட்டில்ல இருந்து எறங்குறதுக்கு முன்னாடியே கெண்டைக்கால இழுத்து விடுறேன், மெத்து செருப்பு போடுறேன். ரொம்ப முடியலன்னா பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குள்ள. கூட்டம் இல்லாதப்ப ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துர்றேன், யாரு பாத்தாலும் சரி.

பர்சுக்குள்ள, இதே வகை வலி மாத்திரைங்க பேர மக எழுதிக் குடுத்த ஒரு சீட்டு வச்சுருக்கேன். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், நிமசுலைடு, மெஃபெனமிக் ஆசிட். எந்த டாக்டர்ட்ட போனாலும் உக்காந்ததும் இத எடுத்து மேசைல வச்சுட்டு, "இதுல எதுவும் எனக்கு ஆகாதுங்க, வயித்துல ரத்தம் கசிஞ்சிருக்கு"ன்னு சொல்லிர்றேன். கடைல பொண்ணுங்க பதினோரு பேரு அத ஃபோட்டோ எடுத்து வச்சுருக்காங்க. செட்டு வாங்கிப் போடுன்னு சொன்ன அக்காவும்தான்.