திரையில் விழாத எழுத்து

சென்ற ஆண்டு அம்மாவுடனும் உறவினர் இருவருடனும் ஒரு நீண்ட கார்ப் பயணத்தில் இருந்தேன். வழி பார்ப்பதற்காக என் கைப்பேசியை வண்டியின் நடுத்திரையோடு இணைத்திருந்தோம். பாதி வழியில் ஓர் அழைப்பு வந்தது. நான் கைப்பேசியை எட்டுவதற்கு முன்பே, அந்த எண்ணுக்கு நான் வைத்திருந்த பெயர், ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று வரைபடத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுந்து நின்றது. பின்னிருக்கையிலிருந்த அம்மா அதைப் படித்துவிட்டார். அவருடைய பரிசோதனை முடிவு எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது என்பதை, வீடு திரும்பியதும் அருகில் அமர்ந்து நானே சொல்வதாக இருந்தேன்.

அன்றிலிருந்து இந்தச் சிக்கலைப் பற்றிப் படித்து வருகிறேன். முதலில் என் கண்ணில் பட்டது, கைப்பேசிகளுக்கு ஒட்டுகிற அந்தரங்கப் படலம். நுண்ணிய பலகைச் சன்னல் போன்ற அமைப்பைக் கொண்ட அது, நேரே பார்ப்பவருக்கு வழிவிட்டு, இருபுறமும் ஏறக்குறைய 30 பாகைக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்குத் திரையை இருட்டாக்குகிறது. வண்டியின் நடுத்திரைக்கு இது தலைகீழாகப் பொருந்தும்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும் ஓட்டுநருக்குத் திரை மங்கிவிடும், பின்னிருக்கையின் நடுவில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். இடப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு படமும் வலப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறொரு படமும் காட்டும் திரையை ஷார்ப் நிறுவனம் 2005-இல் அறிவித்தது. பின்னர் சில உயர்விலைக் கார்களிலும் அத்தகைய திரைகள் வந்தன. ஆனால் அவையும் கோணத்தைத்தான் நம்புகின்றன. ஒருவர் சற்றுச் சாய்ந்து அமர்ந்தாலே அந்தக் கோணம் மாறிவிடுகிறது.

கண்ணெதிரே தெரியும் காட்சியின் மேல் எழுத்தையும் படத்தையும் அணிந்தவருக்கு மட்டும் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடி, சுருக்கமாக ஏஆர் கண்ணாடி, இந்த இடத்தில்தான் நம்பிக்கை தருகிறது. அதைப் பற்றிப் பேசும்போது பலரும் செய்யும் ஒரு பிழையை மட்டும் முதலில் களைந்துவிட வேண்டும். கண்ணாடி, திரையில் உள்ளதை மூடி மறைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒளி ஊடுருவும் வில்லைகளைக் கொண்ட கண்ணாடியால், வெளியிலிருந்து வரும் ஒளியோடு தன் ஒளியைச் சேர்க்க முடியுமே தவிர, வந்த ஒளியை எழுத்தெழுத்தாகக் கழிக்க முடியாது. அதில் கறுப்பு வரைந்தால் அந்த இடம் வெறுமையாகவே தெரியும். அப்படியே மறைத்தாலும், அது அணிந்தவரின் கண்ணுக்கு மட்டும்தான் மறைவு. ஆகவே, இரகசியம் திரையில் முதலிலேயே இருக்கக் கூடாது. அது கண்ணாடியில் மட்டுமே பிறக்க வேண்டும்.

இதற்கு அழகான ஒரு முன்னோடி உண்டு. குறியாக்கவியல் அறிஞர்களான மோனி நாவோரும் அடி ஷமீரும் 1994-இல் முன்வைத்த காட்சிவழிக் குறியாக்கத்தில், ஒரு படம் இரண்டு புள்ளித் தாள்களாகப் பிரிக்கப்படுகிறது. தனித்துப் பார்த்தால் எந்தத் தாளிலும் அர்த்தமற்ற இரைச்சல்தான் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தினால் எழுத்து தெரியும். ஒரு தாளை வண்டித் திரையும் மற்றொன்றைக் கண்ணாடியும் ஏந்தலாம் என்ற எண்ணம் என்னைப் பல நாள் ஆட்கொண்டிருந்தது. ஆனால் புள்ளிக்குப் புள்ளி பொருந்தியாக வேண்டிய இம்முறை, குலுங்கும் வண்டிக்குள் நிலைக்காது. அதோடு, கண்ணாடியின் உணரிகள் தலையின் அசைவையும் வண்டியின் அசைவையும் சேர்த்தே அளக்கின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது, அசையாமல் இருக்கும் தலையும் திரும்பியதாகக் கணக்காகிவிடும். வண்டியின் அசைவைத் தனியே அறிந்து கழித்தால்தான் உருவம் தன் இடத்தில் நிற்கும். பிஎம்டபிள்யூ நிறுவனம் 2024 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எக்ஸ்ரியல் நிறுவனத்தின் ஏஆர் கண்ணாடிகளைக் கொண்டு வண்டிக்குள் இத்தகைய காட்சிகளை அமைத்துக் காட்டியது.

எல்சிடி திரையின் முன்புறம் ஒட்டியிருக்கும் ஒளிமுனைவாக்கியை, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலத்தை, உரித்துவிட்டு, அதே பொருளைக் கண்ணாடியாக அணிந்துகொள்ளும் எளிய வழியும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் திரை வெறும் வெண்மையாகத் தெரியும். ஆனால் கடையில் கிடைக்கும் போலராய்டு குளிர்கண்ணாடியை அணிந்த எவரும் அதைப் படித்துவிடலாம்.

என் முடிவு இவற்றையெல்லாம்விட எளிமையானது. அந்தரங்கமான எழுத்து திரையின் மேல் ஒட்டி நிற்கத் தேவையே இல்லை. பார்வையின் ஓரத்தில் ஒரு சிறு அட்டையாக நின்றால் போதும், பொருத்தும் சிக்கலும் எழாது. கைப்பேசி அதைக் குறியாக்கம் செய்து நேராகக் கண்ணாடிக்கே அனுப்பட்டும். வண்டிக்கு ‘ஓர் அழைப்பு வந்திருக்கிறது’ என்பது மட்டும் போகட்டும், பெயரும் வேண்டாம். பொருளடக்கத்தை மறைத்துப் பெயரைக் காட்டுவது எத்தகைய பாதுகாப்பு என்பதை நான் அனுபவித்து அறிந்திருக்கிறேன். இன்னொரு நன்மையும் உண்டு. புளூடூத்தில் இணைத்தால் தொடர்புப் பட்டியலும் அழைப்புப் பதிவும் வண்டியின் நினைவகத்தில் தங்கிவிடக்கூடும். வாடகைக் கார்களைத் திருப்பித் தருமுன் அவற்றை அழித்துவிடுமாறு அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016-இலேயே அறிவுறுத்தியது. வண்டிக்கே வராத எழுத்தை யாரும் அழிக்க வேண்டியதில்லை.

கண்ணாடியைக் கழற்றிய கணமே அது பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்து அணியும் குழந்தைக்கும் அது எழுத்தை அப்படியே காட்டிவிடும். சில வகை வில்லைகளில் ஒளியின் ஒரு பகுதி வெளிப்பக்கமாகவும் கசிகிறது என்பதால், எதிரே இருப்பவரையும் மறந்துவிட முடியாது.

ஓட்டுநரைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டி ஓடும்போது அவர் கண்முன் எந்த எழுத்தும் வரக் கூடாது. ஒரு பணிக்காக ஓட்டுநர் பார்வையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் 2 வினாடிக்குள்ளும், மொத்தம் 12 வினாடிக்குள்ளும் அடங்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மனத்தைக் கலக்கும் ஒரு செய்தியைப் படித்தவரின் கவனம், கண் சாலைக்குத் திரும்பிய பிறகும் வெகுநேரம் அதிலேயே இருக்கும். அவருக்கான செய்தி, வண்டி நின்ற பிறகு வரட்டும்.

அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, நலமாக இருக்கிறார். மறுபரிசோதனை அழைப்புகள் இன்னும் வருகின்றன. அந்த எண்ணை இப்போது அவரே தேர்ந்தெடுத்த ஒரு பூவின் பெயரில் சேமித்திருக்கிறேன்.